மைக்கேல் ஃபாரடே: விசுவாசி ஒருவரின் விஞ்ஞானம்

கடவுள் நம்பிக்கைக்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் மூவர், ஏற்கெனவே நடத்தப்பட்ட 63 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பரிசீலித்தனர். அறிவுத்திறன் தேர்வுகளில் அதிக மதிப்பெண் பெறுவோரிடையே மத நம்பிக்கை சராசரியாகச் சற்றுக் குறைவாக இருப்பதாக அவர்கள் அறிவித்தனர். மத நம்பிக்கை உள்ளவர்கள் அறிவு குறைந்தவர்கள் என்று அந்த முடிவைச் சுருக்கிப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. அதை முற்றாக நிராகரித்தவர்களும் உண்டு.

சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய தகவல். ஒரு தனிமனிதரின் உள்ளத்தில் நம்பிக்கையும் பகுத்தறிவும் எவ்வாறு அருகருகே இயங்குகின்றன என்பதை அது சொல்வதில்லை. அதை அறிவதற்கு ஒரு வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை அதற்குப் பொருத்தமானது. மின் மோட்டார், மின்னாக்கி, மின்மாற்றி ஆகிய மூன்றும் அவருடைய கண்டுபிடிப்புகளிலிருந்து பிறந்தவை. அதே மனிதர், விவிலியத்தைச் சொல்லுக்குச் சொல் இறைவாக்காக ஏற்றுக்கொண்ட மிகச் சிறியதொரு கிறிஸ்தவ சபையிலே பிறந்து, அதன் நம்பிக்கையிலேயே வாழ்ந்து மறைந்தார்.

கொல்லரின் மகன்

ஃபாரடே 1791 செப்டம்பர் 22ஆம் தேதி, தற்போதைய தென் லண்டனில் உள்ள நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் வட பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு கொல்லரின் மகன் அவர். வறுமை மிகுந்த குடும்பம். எழுதவும் படிக்கவும் எளிய கணக்குகளைச் செய்யவும் கற்றுக்கொண்டதே அவருடைய பள்ளிக் கல்வி.

அந்தக் குடும்பத்துக்கு வறுமையில் துணை நின்றது அவர்களுடைய சபை. ஸ்காட்லாந்தில் அரசு சார்ந்த திருச்சபையிலிருந்து 1730ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட ஜான் கிளாஸ் என்ற போதகர் தொடங்கிய சபை அது. அவருடைய மருமகன் ராபர்ட் சாண்டிமேன் அதை இங்கிலாந்துக்குப் பரப்பியதால், அதன் உறுப்பினர்கள் சாண்டிமேனியர்கள் என்று அழைக்கப்பட்டனர். சம்பளம் பெறும் குருமார் அங்கே இல்லை. உறுப்பினர்களிலிருந்து தெரிவு செய்யப்படும் மூப்பர்களே வழிபாட்டை நடத்தினர். செல்வம் சேர்ப்பது தவறு என்று கருதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அனைவரும் கூடி உணவருந்தினர்; ஒருவர் காலை மற்றவர் கழுவும் சடங்கும் இருந்தது. பிறரை மதம் மாற்றுவதில் அவர்கள் ஆர்வம் காட்டவில்லை.

1804ஆம் ஆண்டில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த ஃபாரடே, மறு ஆண்டு அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலுக்கு ஏழு ஆண்டுப் பயிற்சியாளராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவரை ஈர்த்தன. படித்ததை அப்படியே ஏற்காமல், தமது சொற்ப வருமானத்தில் கருவிகள் செய்து சோதித்துப் பார்த்தார். இந்தப் பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1812ஆம் ஆண்டில், புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்பதற்கு, கடைக்கு வந்துபோகும் ஒருவர் ஃபாரடேக்கு அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி அதை டேவிக்கு அனுப்பிவைத்தார் அந்த இளைஞர். 1813 மார்ச்சில் டேவியின் உதவியாளராக அவருக்கு வேலை கிடைத்தது. அதன் பின் அவருடைய வாழ்க்கை அந்த நிறுவனத்தோடு பிணைந்துவிட்டது.

ஒரே ஆண்டில் மூன்று நிகழ்வுகள்

1821ஆம் ஆண்டு ஃபாரடேயின் வாழ்க்கையில் முக்கியமானது. ஜூன் மாதத்தில், அதே சபையைச் சேர்ந்த சாரா பர்னார்டை அவர் மணந்தார். ஜூலையில், சபையினர் முன்னிலையில் தமது விசுவாசத்தை அறிக்கையிட்டு முழு உறுப்பினரானார். செப்டம்பரில், மின்சாரம் பாயும் கம்பி ஒரு காந்தத்தைச் சுற்றித் தொடர்ந்து சுழலும்படி செய்து காட்டினார். மின் மோட்டாரின் தத்துவம் முதன்முதலாகச் செயல் வடிவம் பெற்றது அங்கேதான்.

பிறப்பினால் வந்த சபை என்றாலும், 29 வயதில், அறிவியலில் பெயர் எடுக்கத் தொடங்கிய வேளையில், அவர் அதைத் தாமாகத் தெரிவு செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. சிந்திக்காமல் சுமந்து வந்த பழக்கம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த பத்தாண்டுகளின் முடிவில் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் என்பது 1820ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரத்தை உண்டாக்க முடியாதா என்று ஃபாரடே பலமுறை முயன்று தோல்வியடைந்தார். 1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடும் மற்றதை ஒரு காந்த ஊசிக்கு அருகே செல்லும் கம்பியோடும் இணைத்தார். மின்கலத்தை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும் ஊசி அசைந்தது. மின்சாரம் சீராகப் பாய்ந்தபோது அசைவில்லை. மாற்றமே மின்சாரத்தைத் தூண்டுகிறது என்பதை அவர் உணர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில், காந்தத்தின் முனைகளுக்கிடையே ஒரு செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். சுழலியால் இயங்கும் இன்றைய மின் நிலையங்கள் அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

நம்பிக்கை தந்த கேள்வி, இயற்கை தந்த விடை

மின்சாரம், காந்தம், ஒளி, வெப்பம் ஆகியவை வெவ்வேறு ஆற்றல்களாகத் தோன்றினாலும் அவற்றுக்கு ஒரே மூலம்தான் இருக்க வேண்டும் என்பது ஃபாரடேயின் உறுதியான எண்ணம். உலகைப் படைத்தவர் ஒருவரே என்பதால் அதன் ஆற்றல்களும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும் என்ற சமய உணர்வு இதற்குப் பின்னால் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். 1845ஆம் ஆண்டில் காந்தப் புலம் ஒளியின் தன்மையை மாற்றுவதை அவர் நிரூபித்தபோது, அந்த எண்ணம் பலன் தந்தது.

ஆனால் அடுத்து நடந்தது அதைவிடக் கவனிக்கத்தக்கது. புவியீர்ப்பு விசையும் மின்சாரத்தோடு தொடர்புடையதாகவே இருக்க வேண்டும் என்று நம்பிய ஃபாரடே, 1849ஆம் ஆண்டில் கம்பிச் சுருள்களினூடே பொருள்களை உயரத்திலிருந்து விழச் செய்து, மின்னோட்டம் தோன்றுகிறதா என்று பார்த்தார். முதலில் தென்பட்ட சிறு அசைவுகள் யாவும் தமது சோதனை அமைப்பின் குறைகளால் வந்தவை என்று அவரே கண்டறிந்தார். தொடர்பு இருப்பதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று ராயல் சொஸைட்டியின் முன் அறிவித்தார். அத்தகைய தொடர்பு உண்டு என்ற தமது எண்ணம் மாறவில்லை என்பதையும் மறைக்கவில்லை. 1859ஆம் ஆண்டில், தேம்ஸ் நதிக்கரையில் ஈயக் குண்டுகள் வார்க்கும் உயர்ந்த கோபுரம் ஒன்றில் மீண்டும் முயன்றார். மீண்டும் தோல்வி. கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று ராயல் சொஸைட்டி தரப்பிலிருந்து ஆலோசனை வந்தபோது அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நம்பிக்கை அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது. ஆனால் விடையைச் சொல்லும் உரிமையை அவர் அதற்கு வழங்கவில்லை.

மேசைகள் நகர்ந்த கோடைகாலம்

1853ஆம் ஆண்டில் லண்டன் சீமான்களின் வீடுகளில் ஒரு புதிய மோகம் பரவியது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அதன் மீது கைகளை வைத்துக் காத்திருப்பார்கள். சற்று நேரத்தில் மேசை தானாக நகரும் அல்லது சுழலும். ஆவிகளின் செயல் என்றனர் சிலர். மின்சாரம் அல்லது காந்தம் என்றனர் வேறு சிலர். மின்சாரத்தின் பெயர் இழுக்கப்பட்டதால் ஃபாரடேயிடம் விளக்கம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன.

அவர் அதைக் கேலி செய்து ஒதுக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இளகிய பசையால் லேசாக ஒட்டி, மேசைக்கும் கைகளுக்கும் நடுவே வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் அடியிலுள்ள அட்டை முன்னே செல்லும். கைகள் முதலில் நகர்ந்தால் மேலுள்ள அட்டை முன்னே செல்லும். மேலுள்ள அட்டையே முன்னே சென்றிருந்தது. பின்னர், கைகள் பக்கவாட்டில் தள்ளினால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தினார். அமர்ந்திருந்தவர்கள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த வரை மேசை நகரவே இல்லை.

அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்று ஃபாரடே தெளிவுபடுத்தினார். மேசை நகரும் என்ற எதிர்பார்ப்பே, அவர்கள் அறியாமல் அவர்களுடைய தசைகளை இயக்கியது. தமது முடிவை 1853 ஜூன் இறுதியில் டைம்ஸ் நாளேட்டுக்கு எழுதினார்.

பலர் அதை ஏற்கவில்லை. படித்தவர்களும் அவர்களில் இருந்தனர். அமெரிக்காவின் மூத்த வேதியியல் பேராசிரியர் ராபர்ட் ஹேர், ஃபாரடேயின் வழியில் ஆவியுலகக் கூற்றுகளைச் சோதிக்கப் புறப்பட்டு, இறுதியில் தாமே அவற்றை நம்பத் தொடங்கினார். இயற்கைத் தெரிவுக் கோட்பாட்டை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸும் 1860களில் அதே வழியில் சென்றார். அவர்களுடைய அறிவுத்திறனை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. விவிலியத்தை எழுத்துப்படி நம்பிய ஃபாரடே ஏமாறாத இடத்தில் அவர்கள் ஏமாந்தனர்.

விதிவிலக்கு ஒன்று

இந்த அனுபவத்துக்குப் பின், 1854ஆம் ஆண்டு மே மாதத்தில், பேரரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் முன்னிலையில் மனப் பயிற்சி குறித்து ஃபாரடே உரையாற்றினார். மனிதர்களிடம் பெரிதும் காணப்படும் குறை, தீர்மானிக்கும் திறன் பயிற்றுவிக்கப்படாமல் இருப்பதே என்றார். நாம் விரும்புவதற்குச் சாதகமான சான்றுகளை உடனே ஏற்கிறோம், பாதகமானவற்றை ஒதுக்குகிறோம். அந்த விருப்பத்தை அடக்குவதே கல்வியின் முதற்பணி என்பது அவர் கருத்தின் சாரம்.

அத்தோடு அவர் ஒரு விதிவிலக்கையும் வெளிப்படையாக அறிவித்தார். மறுமை குறித்த சமய நம்பிக்கைக்கு இந்த ஆய்வு முறையைத் தாம் பயன்படுத்துவதில்லை என்றும், அது மனித அறிவின் முயற்சியால் எட்டப்படுவதல்ல, அருளப்படுவது என்றும் கூறினார். உயர்ந்த விடயங்களுக்குப் பயன்படுத்தும் அளவுகோலை மிக உயர்ந்த விடயத்துக்குப் பயன்படுத்த மறுக்கும் பலவீனம் என்று இதைப் பிறர் பழிக்கக்கூடும் என்பதையும் அவரே எடுத்துச் சொல்லி, அந்தப் பழியை ஏற்றுக்கொள்வதாகக் கூறினார்.

இன்றைய வாசகர் ஒருவருக்கு இது திருப்தி தராமல் போகலாம். எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னவர், தமக்கு மிகவும் முக்கியமான ஒன்றை மட்டும் சோதனைக்கு வெளியே வைத்தார். அதற்கு அவர் தந்த காரணம் அவரைப் போன்ற விசுவாசிகளை அன்றி மற்றவர்களை இணங்கச் செய்யாது. இருந்தாலும், தமது பகுத்தறிவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். அதைக் கேட்டவர்களிடம் மறைக்கவில்லை.

சபை கேட்ட விலை

அந்த நம்பிக்கை அவருக்கு எளிதான ஆறுதலாக மட்டும் இருந்ததில்லை. 1840ஆம் ஆண்டில் மூப்பராகத் தெரிவு செய்யப்பட்ட ஃபாரடே, 1844 மார்ச் இறுதியில் சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைத் தவறவிட்டு விக்டோரியா அரசியின் விருந்துக்குச் சென்றதே காரணம் என்ற கதை நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் அப்போது விலக்கப்பட்டவர் அவர் மட்டுமல்லர். சபை ஒழுங்கு குறித்து எழுந்த ஒரு பிணக்கில் லண்டன் உறுப்பினர்கள் பலரும் சேர்ந்தே விலக்கப்பட்டனர் என்பதை, ஃபாரடேயின் சமய வாழ்வை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கேன்டர் எடுத்துக்காட்டியுள்ளார். சில வாரங்களிலேயே ஃபாரடே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்றாலும், மூப்பர் பொறுப்பு 1860ஆம் ஆண்டில்தான் திரும்பக் கிடைத்தது.

ஐரோப்பாவின் அறிவியல் கழகங்கள் போற்றிய ஒரு மனிதர், எளியோர் நிறைந்த சிறு சபையின் தண்டனைக்குப் பணிந்து நின்றார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துச் சிறுவர்களைக் கட்டிப்போடும் விரிவுரையாளர், சபையில் பிரசங்கிக்கும்போது பெரும்பாலும் விவிலிய வசனங்களைக் கோர்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். அங்கே தமது திறமையைக் காட்டுவது அவருக்கு உகந்ததாகப் படவில்லை. சர் பட்டத்தையும் ராயல் சொஸைட்டியின் தலைவர் பதவியையும் அவர் மறுத்ததிலும், தமது கண்டுபிடிப்புகளைக் கொண்டு செல்வம் சேர்க்காததிலும் அந்தச் சபையின் சாயலைக் காணலாம்.

நம்பாதவர்களின் மதிப்பீடு

ஃபாரடேக்குப் பின் அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜான் டிண்டால். மத நிறுவனங்களின் அதிகாரத்தைக் கடுமையாக எதிர்த்தவர். 1874ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில், அறிவியலின் எல்லைக்குள் மதம் தலையிடக் கூடாது என்று அவர் ஆற்றிய உரை பெரும் புயலைக் கிளப்பியது. அதே டிண்டால்தான், ஃபாரடே இறந்த மறு ஆண்டு, அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றி மிகுந்த மரியாதையோடு ஒரு நூல் எழுதினார். தம் நண்பரின் சமயத்தில் அவருக்கு உடன்பாடில்லை. அதைக் கொண்டு நண்பரின் அறிவை அவர் எடைபோடவும் இல்லை.

இதே போன்ற ஓர் உறவு தமிழர்களுக்கும் தெரிந்ததே. நாமகிரித் தாயாரின் அருளால் கணிதம் தமக்குக் கிட்டுவதாக நம்பிய ராமானுஜனை, 1914ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர் கடவுள் மறுப்பாளரான ஹார்டி.

நம்பிக்கையின் பலனை எண்களால் அளக்க முயன்றவர்களும் அக்காலத்திலேயே இருந்தனர். 1872ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் கால்டன், மக்கள் அன்றாடம் நீண்ட ஆயுள் வேண்டி ஜெபிக்கும் அரச குடும்பத்தினர், வசதி படைத்த மற்றவர்களை விடக் குறைந்த காலமே வாழ்கின்றனர் என்று புள்ளிவிவரம் காட்டினார். அறிவுத்திறனை அளக்கும் முதல் தேர்வு 1905ஆம் ஆண்டில் பிரான்ஸில் உருவானது. அவற்றின் தொடர்ச்சியே இன்றைய ஆய்வுகள்.

அந்த ஆய்வுகளைப் பொய் என்று சொல்ல ஃபாரடே ஒருவர் போதாது. தனி உதாரணங்கள் சராசரியை மறுப்பதில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களிடம் நடத்தப்பட்டு 1998ஆம் ஆண்டில் வெளியான கணிப்பில், பதிலளித்தவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே ஜெபத்துக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புவதாகக் கூறினர். இந்த எண்ணிக்கையைக் கண்டும் காணாததுபோல் இருப்பது நேர்மையாகாது.

ஆனால் அளக்கப்படுவது எது என்று கேட்கலாம். ஃபாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. அவருடைய விசைக் கோடுகளைச் சமன்பாடுகளாக மாற்ற, அவரைப் போலவே ஆழ்ந்த கிறிஸ்தவரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. கணிதத்தைக் கொண்டு அறிவை அளக்கும் தேர்வில் ஃபாரடே பின்தங்கியிருக்கக்கூடும். நம்பிக்கை என்ற சொல்லும் அப்படியே. மேசை நகரும் என்று விரும்பி நம்பியவரையும், புவியீர்ப்பில் மின்சாரம் இல்லை என்று தம் விருப்பத்துக்கு மாறாக எழுதிவைத்தவரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது.

ஒருவர் எதை நம்புகிறார் என்பதை விட, நம்பியதற்கு எதிரான சான்று வரும்போது என்ன செய்கிறார் என்பதே அவருடைய அறிவை நமக்குக் காட்டுகிறது. ஃபாரடே ஒரு துறையில் அந்தச் சான்றுக்கு முழுமையாகப் பணிந்தார். மற்றொன்றில் அதைக் கேட்கவே மறுத்தார். இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர்.

1867 ஆகஸ்ட் 25ஆம் தேதி, அரச குடும்பம் வாழ்வதற்கு அளித்திருந்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் ஃபாரடே காலமானார். லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், அரசுத் திருச்சபையைச் சாராதவர்களுக்கான பகுதியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சாதாரணமான அந்தக் கல்லில் அவருடைய பெயரும், பிறந்த, இறந்த தேதிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. விஞ்ஞானி என்றோ விசுவாசி என்றோ அதில் எதுவும் இல்லை.